விசாரிப்பு: ஆளறிந்து செய்யும் கிறிஸ்தவப் பராமரிப்பு

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை வாசித்து வளர்ந்தவர்களுக்கு ‘விசாரித்தல்’ என்ற சொல் நன்கு பழகியது. “வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்” என்று மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் படுகிற உபத்திரவத்திலே ‘விசாரிக்கிறதே’ மாசில்லாத பக்தியின் ஒரு பகுதி என்று யாக்கோபு எழுதுகிறார். “அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்” என்பது பேதுருவின் அறிவுரை. கிரேக்க மூலத்தில் இந்த இடங்கள் எல்லாவற்றிலும் ஒரே சொல் இல்லை. ஆயினும் அந்த மொழிபெயர்ப்பாளர்கள் மூன்று இடங்களுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைத் தேர்ந்துகொண்டார்கள். அந்தச் சொல்லுக்குள் இரண்டு செயல்கள் ஒன்றாக இருக்கின்றன: கேட்டறிவது ஒன்று, கவனித்துப் பேணுவது மற்றொன்று. கேளாமல் பேணுவதையும் பேணாமல் கேட்பதையும் பழந்தமிழ்க் கிறிஸ்தவர்கள் விசாரிப்பு என்று சொல்லமாட்டார்கள்.

ஒவ்வொருவருடைய தேவைக்கும் ஏற்றபடி கிறிஸ்தவப் பராமரிப்பை அமைத்துக்கொள்வது என்றால் என்ன என்பதை விளக்க இந்தச் சொல்லைவிடச் சிறந்த தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. கத்தோலிக்கர் இதை மேய்ப்புப்பணியின் பகுதியாகப் பேசுவார்கள். சீர்திருத்தச் சபையார் போதக ஊழியம் என்றும் ஆத்தும விசாரிப்பு என்றும் சொல்வார்கள். எந்தப் பெயரால் அழைத்தாலும் உட்பொருள் ஒன்றே. நோயாளி, துக்கத்தில் இருப்பவர், கடனில் தவிப்பவர், விசுவாசத்தில் தடுமாறுபவர், தனிமையில் வாடும் முதியவர் ஆகிய அனைவரையும் ஒரே அன்போடு அணுக வேண்டும். ஆனால் அந்த அன்பு ஒருவரிடத்தில் பேச்சாகவும், இன்னொருவரிடத்தில் மௌனமாகவும், வேறொருவரிடத்தில் ஒரு கிண்ணம் கஞ்சியாகவும், மற்றொருவரிடத்தில் கண்டிப்பான ஒரு வார்த்தையாகவும் உருவெடுக்க வேண்டும்.

இதை யோவான் சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் பகுதி வேறில்லை. பெத்தானியாவில் லாசரு இறந்து நான்கு நாட்கள் ஆகிவிட்டன. இயேசு ஊருக்குள் நுழையும் முன்பே மார்த்தாள் எதிர்கொண்டுபோய், “ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்” என்கிறாள். சற்று நேரம் கழித்து மரியாள் வந்து அவர் பாதத்தில் விழுந்து, ஏறத்தாழ எழுத்துக்கு எழுத்து அதே வாக்கியத்தைச் சொல்கிறாள். துயரம் ஒன்று, இறந்தவர் ஒருவர், சொன்ன சொல்லும் ஒன்று. இருந்தும் இருவருக்கும் கிடைத்த பதில் வேறு. மார்த்தாள் தொடர்ந்து பேசுகிறாள், தன் நம்பிக்கையைச் சொல்கிறாள், மறுமொழி எதிர்பார்க்கிறாள். அவளிடத்தில் இயேசு உரையாடுகிறார், “நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்” என்ற பெரும் அறிக்கையை அவளிடமே சொல்கிறார், ‘இதை விசுவாசிக்கிறாயா’ என்று அவளிடமே கேட்கிறார். மரியாளோ அந்த ஒரு வாக்கியத்துக்குமேல் பேச முடியாமல் அழுகிறாள். அவளைச் சூழ்ந்து வந்தவர்களும் அழுகிறார்கள். அவளுக்கு அவர் உபதேசம் எதையும் சொல்லவில்லை. லாசருவை எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்கிறார். பிறகு கண்ணீர் விடுகிறார். மார்த்தாளுக்குச் சொன்ன வார்த்தையை மரியாளுக்கும் சொல்லியிருந்தால் அது பொய்யாகிவிடாது. ஆனால் அந்த நேரத்தில் அது அவள் காதில் ஏறியிருக்காது என்பதே என் எண்ணம்.

சுவிசேஷங்களை இந்தக் கண்ணோடு வாசித்தால் இப்படிப்பட்ட இடங்கள் அடுத்தடுத்துத் தென்படும். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் காது கேளாத, பேச்சு திக்கிய ஒருவரை இயேசு கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப்போகிறார். அவருடைய காதுகளில் விரல்களை வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். காது கேளாதவர் கண்ணால் கண்டும் தொடுகையால் உணர்ந்தும் புரிந்துகொள்ளக்கூடிய செயல்கள் இவை. என்ன நடக்கப்போகிறது என்பதும், உதவி எங்கிருந்து வருகிறது என்பதும் அந்த மனிதருக்கு அவருடைய மொழியிலேயே சொல்லப்பட்டுவிட்டன. எரிகோவின் வழியோரத்தில் பர்திமேயு என்ற பார்வையற்றவர் கூவி அழைத்தபோது, “நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்” என்று இயேசு கேட்கிறார். பார்வையற்றவர் வேறு எதைக் கேட்கப்போகிறார் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அதுவரை அவரை அதட்டி அடக்கியவர்களே அந்த வழியில் அதிகம். தன் தேவையைத் தன் வாயால் சொல்லும் உரிமையை அந்தக் கேள்வி அவருக்குத் திருப்பிக் கொடுத்தது.

பழைய ஏற்பாட்டில் எலியா தீர்க்கதரிசியின் கதை இன்னொரு பாடத்தைத் தருகிறது. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் அவர் அரசி யேசபேலுக்குத் தப்பி ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார். அவரிடம் வந்த தூதன் அந்த வேண்டுதலைக் கண்டிக்கவில்லை, அவிசுவாசம் என்று பெயரிடவும் இல்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. எழுந்து சாப்பிடு என்பதே தூதன் சொன்னது. சாப்பிட்டார், மீண்டும் படுத்துக்கொண்டார். இரண்டாம் முறையும் தூதன் வந்து, போக வேண்டிய பயணம் வெகுதூரம் என்று சொல்லிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையின் குகையில் அவருடைய மனக்குறையைக் கேட்பதும், புதிய பணியை ஒப்படைப்பதும், நீ மட்டும் தனியாக இல்லை, 7,000 பேர் மீந்திருக்கிறார்கள் என்று திருத்துவதும் அதற்குப் பிறகுதான் நடக்கின்றன. சோர்ந்துபோனவருக்குச் சொல்ல வேண்டிய உண்மை எதுவும் விடுபடவில்லை. உறக்கமும் உணவும் முன்னே வந்தன, வார்த்தை பின்னே வந்தது.

பவுல் இந்த வழக்கத்தை ஒரே வசனத்தில் விதியாக்கித் தருகிறார். 1 தெசலோனிக்கேயர் 5:14இல், “ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்” என்று எழுதுகிறார். புதிதாக ஊழியத்தில் ஈடுபடுகிறவர்கள் இந்த ஒரு வசனத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால் போதும் என்று நான் நினைப்பதுண்டு. ஒழுங்கில்லாதவர்கள் என்பதற்கு மூலத்தில் உள்ள சொல், அணிவகுப்பில் தன் இடத்தை விட்டு விலகிய படைவீரனையும் குறிக்கும். உழைக்க முடிந்தும் உழைக்காமல் பிறர் காரியங்களில் தலையிட்டுத் திரிந்தவர்கள் அந்தச் சபையில் இருந்தார்கள் என்பது இரண்டாம் நிருபத்திலிருந்து தெரிகிறது. திடனற்றவர் என்பது மனம் சுருங்கிப்போனவரைக் குறிக்கிறது. பலவீனருக்கோ சொல் மட்டும் போதாது, பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.

இப்போது மருந்துகளை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். மனம் சுருங்கியவருக்குப் புத்தி சொன்னால் அவர் இன்னும் சுருங்கிப்போவார். ஒழுங்கை மீறித் திரிகிறவரைத் தேற்றினால், தான் செய்வது சரிதான் என்று எண்ணிக்கொள்வார். எழுந்து நிற்கவே பலமில்லாதவருக்கு ஊக்கமான வார்த்தைகளை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினால், நாம் போனபின் அவர் விழுந்த இடத்திலேயே கிடப்பார். சபைகளில் பராமரிப்பு தவறிப்போகும் இடங்களில் பெரும்பாலும் அன்பு இல்லாமல் போவதில்லை. ஒருவருக்கு உரியதை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுகிறோம். நீதிமொழிகள் 25:20 இதை மறக்க முடியாத உவமையால் சொல்கிறது: மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுகளைப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப்போல இருப்பான். பாட்டில் குற்றமில்லை, நேரமும் ஆளும்தான் பொருந்தவில்லை. பவுலின் வசனத்தில் கடைசிப் பகுதி மட்டும் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்: நீடிய சாந்தம் எல்லாருக்கும் உரியது.

இந்தச் சிந்தனையைத் திருச்சபை பிற்காலத்தில் ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தது. நான்காம் நூற்றாண்டில், கப்பதோக்கியாவைச் சேர்ந்த நசியான்சுவின் கிரகோரியார் குருவாக அபிஷேகம் பெற்றவுடன் அந்தப் பொறுப்பின் கனத்துக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிப்போனார். 362ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்குத் திரும்பி வந்தபின், ஏன் ஓடினேன் என்று விளக்கிய உரையில், மனிதரை வழிநடத்துவது கலைகளுக்கெல்லாம் கலை என்றும், உடலைக் கவனிக்கும் மருத்துவத்தைவிட ஆன்ம மருத்துவம் கடினமானது என்றும் சொன்னார். உடல்நோயை நோயாளி காட்டுகிறார். ஆன்மாவின் நோயையோ நாமே மூடி மறைக்கிறோம், மருத்துவரிடம் வாதாடவும் செய்கிறோம் என்பது அவர் காட்டிய வேறுபாடு.

அவருடைய கருத்தை எடுத்து விரித்தவர் ரோமின் பெரிய கிரகோரியார். கி.பி. 590இல், கொள்ளைநோயில் முந்தைய பாப்பரசர் இறந்த நிலையில், அவர் பாப்பரசராக்கப்பட்டார். அந்தக் காலத்தை ஒட்டி மேய்ப்பர்களுக்காக அவர் எழுதிய கையேட்டின் மூன்றாம் பகுதி முழுவதும் நம் பொருளைப் பற்றியதே. அதில் முப்பதுக்கும் மேற்பட்ட இணைகளாக மனிதரைப் பிரித்து, ஒவ்வொரு தரப்பாரிடமும் எப்படிப் பேச வேண்டும் என்று விளக்குகிறார்: ஏழைகளும் செல்வர்களும், மகிழ்ந்திருப்பவர்களும் துயருற்றிருப்பவர்களும், கூச்சமற்றவர்களும் கூச்சமுள்ளவர்களும், நலமுள்ளவர்களும் நோயுற்றவர்களும், வாயடக்கம் மிகுந்தவர்களும் அளவின்றிப் பேசுகிறவர்களும் என்று அந்த வரிசை நீள்கிறது. குதிரையைச் சாந்தப்படுத்தும் மெல்லிய சீழ்க்கை நாய்க்குட்டியை உசுப்பிவிடும். ஒரு நோயைத் தணிக்கும் மருந்து இன்னொரு நோயை முற்றச் செய்யும். வலியவனுக்கு ஊட்டமாகும் ரொட்டி பச்சிளங்குழந்தையைக் கொன்றுவிடும் என்று அவர் காரணம் காட்டுகிறார். யாழ் வாசிக்கிறவர் ஒரே கோலால் மீட்டினாலும் எல்லா நரம்புகளையும் ஒரே விதமாக மீட்டுவதில்லை என்பது அவர் தரும் இன்னொரு உவமை.

அந்தப் பட்டியலைவிட, அதற்கு அவரே வைக்கும் எச்சரிக்கைகள் எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றன. ஏழைகளுக்கு ஆறுதலும் செல்வர்களுக்கு அச்சமும் சொல்ல வேண்டும் என்று எழுதிய கையோடு, சில வேளைகளில் செல்வர் தாழ்மையுள்ளவராகவும் ஏழை செருக்குள்ளவராகவும் இருப்பதுண்டு, அப்போது பேச்சும் அதற்கேற்ப மாற வேண்டும் என்கிறார். துயரத்தைப் பற்றிப் பேசும்போது, சிலர் நேர்ந்ததன் காரணமாகத் துயருறுகிறார்கள், சிலர் இயல்பிலேயே அப்படி அமைந்தவர்கள் என்று பிரித்துக் காட்டுகிறார். வகை பிரிப்பது பழகுவதற்கு உதவும் ஏணிதான்; முன்னால் நிற்கும் மனிதர் எந்த வகையிலும் முழுமையாக அடங்கமாட்டார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ‘விதவைகளுக்கு இப்படிப் பேச வேண்டும்’, ‘இளைஞர்களுக்கு இதுதான் பிடிக்கும்’ என்று நாம் எளிதாகச் சொல்லும்போதெல்லாம் இது நினைவுக்கு வர வேண்டும். கணவரை இழந்த ஒருவர் தாங்க முடியாத துக்கத்தில் இருக்கலாம். இன்னொருவர் நீண்டகாலக் கொடுமை முடிந்த நிம்மதியிலும், அந்த நிம்மதியைப் பற்றிய குற்றவுணர்விலும் இருக்கலாம். இருவருக்கும் ஒரே ஆறுதல் வாசகத்தை வாசித்துவிட்டு வருவது விசாரிப்பு ஆகாது.

பல தரப்பட்டவர்கள் கூடியிருக்கும் கூட்டத்தில் ஒரே பிரசங்கத்தால் ஒவ்வொருவர் தேவையையும் தொடுவது எவ்வளவு கடினம் என்பதையும் கிரகோரியார் ஒப்புக்கொள்கிறார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் என்ற நெசவாளர் ஊரில் போதகராக இருந்த ரிச்சர்டு பாக்ஸ்டர் அந்தக் கடினத்துக்கு ஒரு வழி கண்டார். 800க்கும் மேற்பட்ட குடும்பங்கள் கொண்ட தம் சபையில், தம் துணைப் போதகருடன் சேர்ந்து திங்கள், செவ்வாய் இரண்டு நாட்களையும் இதற்கே ஒதுக்கி, வாரத்துக்கு 15, 16 குடும்பங்களைத் தனித்தனியே சந்தித்து, ஓராண்டில் சபை முழுவதையும் சுற்றி வந்தார். பத்தாண்டுகள் பொதுப் பிரசங்கத்தைக் கேட்டும் பயனடையாத சிலர், அரைமணி நேர நெருக்கமான உரையாடலில் அதைவிட அதிகம் பெற்றார்கள் என்று 1656இல் வெளியான தம் நூலில் அவர் எழுதியிருக்கிறார். நம் சபைகளில் வீடு சந்திப்பு என்ற வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் ஒரே மாலையில் பத்து வீடுகளுக்குப் போய், எல்லா வீட்டிலும் ஒரே சங்கீதத்தை வாசித்து, ஒரே ஜெபத்தைச் செய்து, காபி குடித்துவிட்டுத் திரும்பினால், பாக்ஸ்டர் கண்ட பயனை நாம் காண முடியாது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் பேச்சைப் பற்றியது. செயலைப் பற்றிய மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே, வேலூரில், நடந்தது. கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களின் கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தும் முறையை அங்கே வளர்த்தெடுத்தார். கை நிமிர்ந்த சிலர் சில காலத்தில் திரும்பி வந்து ஒரு புதிய வருத்தத்தைச் சொன்னார்கள்: மடங்கிய கையைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள் இப்போது போடுவதில்லை, தழும்புகளைப் பார்த்து வேலை கொடுக்கவும் யாரும் முன்வருவதில்லை. கை குணமானது, வயிறு காய்ந்தது. இந்த வருத்தத்தைக் கேட்டதன் விளைவாகவே, குணமானவர்கள் தங்கியிருந்து தச்சு போன்ற கைத்தொழில்களைக் கற்றுக்கொள்ள நவஜீவ நிலையம் என்ற இடம் உருவாயிற்று.

அங்கே நடந்த இன்னொரு நிகழ்ச்சியையும் பிராண்ட் பதிவு செய்திருக்கிறார். நன்றாக இருந்த விரல்களில், இரவு கழிந்ததும் ஒரு துண்டு காணாமல் போயிருப்பது சிலருக்கு நேர்ந்தது. தொழுநோயில் விரல்கள் தாமாகவே உதிர்ந்துவிடும் என்று பலர் நம்பியிருந்த காலம் அது. இரவில் விழித்திருந்து கவனித்தபோதுதான் காரணம் தெரிந்தது: எலி வந்து கடித்தது, உணர்ச்சியற்ற விரலில் வலி தெரியாததால் உறங்குகிறவர் விழிக்கவில்லை. அதன்பின் வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுக்கும் வழக்கம் உண்டாயிற்று. உயர்ந்த அறுவை மருத்துவமும், உள்ளார்ந்த ஜெபமும் இருந்த அதே இடத்தில், ஒரு மனிதரின் விரலைக் காப்பாற்ற ஒரு பூனை தேவைப்பட்டது. இரவெல்லாம் ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்காவிட்டால் அந்தத் தேவை யாருக்கும் தெரிந்திருக்காது. ஆளறிந்து செய்யும் பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

மரணத்தை நெருங்கியவர்களின் விஷயத்தில் இதே பார்வையைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். தாதியாகவும், பின்பு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும், அதன்பின் மருத்துவராகவும் மூன்று நிலைகளில் நோயாளிகளை அறிந்த அவர், 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டபர் காப்பகத்தைத் தொடங்கினார். நோயாளியின் வலி உடலில் மட்டும் இல்லை. மனத்தின் வேதனை, குடும்பத்தையும் பணத்தையும் பற்றிய கவலை, கடவுளையும் வாழ்வின் பொருளையும் பற்றிய கேள்வி ஆகிய எல்லாம் சேர்ந்ததே ‘முழு வலி’ என்று அவர் கற்பித்தார். வலி வந்தபின் மருந்து கொடுப்பதற்கு மாறாக, வலி வருமுன்பே உரிய இடைவெளியில், அவரவருக்குத் தேவையான அளவில் மருந்து கொடுக்கும் முறையைப் பரப்பியவரும் அவரே. இந்தப் பணிக்கு அவரைத் தூண்டியவர்களில் ஒருவர், போலந்திலிருந்து வந்து 1948இல் புற்றுநோயால் இறந்த டேவிட் டாஸ்மா என்ற யூதர். ஆறுதலாக ஏதாவது வாசிக்கட்டுமா என்று சாண்டர்ஸ் கேட்டபோது, உன் மனத்திலும் இதயத்திலும் இருப்பதையே விரும்புகிறேன் என்று அவர் சொன்னார். ஆழ்ந்த விசுவாசியான சாண்டர்ஸ் தம் விசுவாசத்தை அவர்மேல் திணிக்கவும் இல்லை, அவரிடமிருந்து மறைக்கவும் இல்லை. காப்பகத்துக்கு அடித்தளமாக அவர் எடுத்துக்கொண்டது கெத்செமனேயில் இயேசு கேட்ட விண்ணப்பம்: “என்னோடேகூட விழித்திருங்கள்.” விளக்கம் சொல்லுங்கள் என்று அங்கே அவர் கேட்கவில்லை.

தொடங்குகிறவர்கள் நடைமுறையில் எப்படிப் பழகுவது என்று கேட்கலாம். என் சொந்த வாழ்வில் கற்ற ஒன்றைச் சொல்கிறேன். என் தாயார் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்த நாட்களில், ஒவ்வொரு மாலையும் யாராவது ஜெபிக்க வருவார்கள். அவர்கள் அன்பு உண்மையானது. ஆனால் நீண்ட ஜெபங்களின் நடுவே அம்மா வலியைப் பொறுத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நானும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பதினோராம் நாள் பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த ஒரு முதிய சகோதரி வந்தார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “அக்கா, உங்களுக்கு இப்போ என்ன செய்யட்டும்?” என்றார். அம்மா சற்றுத் தயங்கி, “தலை சிக்குப் பிடிச்சுப்போச்சு, வாரிவிடுறியா?” என்று கேட்டார். அந்தச் சகோதரி எண்ணெய் தொட்டு, சிக்கெடுத்து, பின்னி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குப்பின் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை இருவரும் சேர்ந்து சொன்னார்கள். மகளாகிய எனக்குப் பதினொரு நாளும் தெரியாமல் போனது, ஒரு கேள்வியில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆகவே முதலில் கேட்பதும், பதிலுக்குக் காத்திருப்பதும் பழக வேண்டும். ‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவது கேட்பதாகாது. பெரும்பாலானவர்கள் அப்படிச் சொன்னவரை அழைப்பதே இல்லை. ‘நாளை காலை பிள்ளைகளைப் பள்ளிக்கு நான் கூட்டிப் போகட்டுமா, அல்லது சமையல் செய்து கொண்டுவரட்டுமா?’ என்று திட்டவட்டமாகக் கேட்டால் பதில் சொல்வது எளிதாகும். ஜெபிக்கும்போதும், ‘எதற்காக ஜெபிக்கட்டும்?’ என்று கேட்டுவிட்டுத் தொடங்கலாம். நாம் நினைத்திருந்த நோய்க்குப் பதிலாக, மருமகளோடு ஏற்பட்ட பிணக்கு அப்போது வெளிவரும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அந்தச் சொல்லையும் மதித்து, வேறொரு நாள் வருவது பராமரிப்பின் பகுதியே.

பேச்சால் பதில் சொல்ல முடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கவனித்து அறிய வேண்டும். மறதி நோய் முற்றிய முதியவர் பெற்ற பிள்ளைகளின் பெயரையும் மறந்திருக்கலாம். ஆனால் சிறுவயதில் கற்ற கீர்த்தனையின் முதல் அடியை யாராவது எடுத்துக் கொடுத்தால் அவருடைய உதடுகள் சேர்ந்து அசைவது பலமுறை காணப்பட்ட ஒன்று. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பழைய பாடல்களோடு வளர்ந்த ஒருவருக்கு, நேற்று வெளியான துதிப்பாடலை ஒலிபெருக்கியில் போட்டுக்காட்டுவதால் பயனில்லை. காது கேளாதவருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவருக்குத் திருவிருந்து பலிபீடத்தின் படிகளுக்குக் கீழே வந்து சேர வேண்டும். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டுவருகிறவருக்குத் திருவிருந்தின் திராட்சரசத்தைப் பற்றிப் போதகர் முன்கூட்டியே தனியாகப் பேசி வைக்க வேண்டும். இவை சிறிய ஏற்பாடுகள்தான். ஆனால் அவை இல்லாத இடத்தில், ‘எல்லாரும் வாருங்கள்’ என்ற அழைப்பு சிலருக்குச் சேராது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வது பட்சபாதம் ஆகிவிடாதா? பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குப் பாதபடியும் கொடுப்பதை யாக்கோபு கடுமையாகக் கண்டிக்கிறார் அல்லவா? அவர் கண்டிப்பது, ஒருவரால் நமக்கு ஆகக்கூடியதைப் பார்த்து மாறுவதை. நாம் பேசுவது, அவருக்குத் தேவையானதைப் பார்த்து மாறுவதை. எவருக்கும் பிடித்ததை மட்டும் சொல்வதும் இதில் அடங்காது. தாவீது அரசனின் குற்றத்தைக் கண்டிக்க வந்த நாத்தான் தீர்க்கதரிசி ஆட்டுக்குட்டியின் கதையாகத் தொடங்கியது, அரசன் தன் வாயாலேயே தீர்ப்புச் சொல்லும்படி அமைந்த வழி. கதையின் முடிவில் சொல்ல வேண்டிய குற்றச்சாட்டு ஒரு சொல்லும் குறையாமல் சொல்லப்பட்டது.

சில இடங்களில் ஆளறிவது என்பது நம் எல்லையை அறிவதாகும். மனச்சோர்வு நோய்க்கு மருந்து எடுக்கிறவரிடம், விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்பது ஆபத்தானது. அவரோடு மருத்துவரிடம் கூடப் போவதே பல நேரங்களில் செய்யக்கூடிய நல்ல விசாரிப்பு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைச் சொல்கிறவரைத் தனியே விடக் கூடாது. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரத்திலும் மனநல உதவி கிடைக்கும். கணவரிடம் அடிபடுகிற பெண்ணிடம் மன்னிப்பையும் பொறுமையையும் பற்றிய வசனங்களை வாசிப்பது, தெசலோனிக்கேயர் வசனத்தைத் தலைகீழாக்குவதாகும்: புத்தி கேட்க வேண்டியவர் வேறொருவர், அந்தப் பெண்ணுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான ஓரிடம். கேட்ட இரகசியத்தைக் காப்பது ஊழியத்தின் அடிப்படை. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அதைச் சபைக் குழுவில் பரப்புவது, நம்பிச் சொன்னவரின் வாயை என்றென்றைக்கும் அடைத்துவிடும். ஆனால் ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அங்கே மௌனம் காப்பது குழந்தையைக் கைவிடுவதாகும்.

ஒரே மனிதர் இவை எல்லாவற்றையும் செய்ய முடியாது. எருசலேம் சபையே அதைத் தொடக்க நாட்களில் கண்டுகொண்டது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், கிரேக்கம் பேசுகிறவர்கள், தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், திட்டமாய் விசாரிக்கப்படவில்லை என்று முறையிடுகிறார்கள். இங்கேயும் அதே சொல்தான் நிற்கிறது. அப்போஸ்தலர்கள் அந்த முறையீட்டை முணுமுணுப்பு என்று தள்ளிவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையாரிடமே விட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டுப்போன விதவைகளின் வாசலில் நின்று, அவர்களுக்குப் பழகிய மொழியிலேயே என்ன வேண்டும் என்று கேட்கக்கூடியவர்களின் கையில் பந்தி விசாரிப்பு ஒப்படைக்கப்பட்டது.